அப்டேட் செய்தவர் ஒருவர், பதில் சொல்பவர் யார்?

மென்பொருளின் புதிய பதிப்பு வந்து இறங்கிய மறுநாள், நேற்றுவரை ஓடிய வேலை நின்றுபோகிறது. பயன்படுத்துகிறவர் ஹெல்ப்லைனை அழைக்கிறார். எண்களை அழுத்தச் சொல்லும் குரல், காத்திருப்பு இசை, கடைசியில் ஒரு டிக்கெட் எண். அதற்குமேல் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? விற்ற நிறுவனமா, இடையில் நின்ற டீலரா, மாற்றத்தைக் கட்டாயமாக்கிய அரசா, அல்லது வாங்கியவர் தலையெழுத்தா? அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பொறியாளர்கள், பொருளியலாளர்கள், நீதிமன்றங்கள், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் எனப் பலரும் இதற்கு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடுகின்றன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இடம் கேரளத்தின் போர்ட் கொச்சியும் அதை ஒட்டிய மட்டாஞ்சேரியும். ஒருபுறம் பழைய பங்களாக்களில் நடக்கும் விடுதிகள், ஹோம்ஸ்டேக்கள். மறுபுறம் பஜார் ரோட்டின் மிளகு, ஏலக்காய், சுக்கு வியாபாரம். இரண்டும் பெரும்பாலும் சிறு தொழில்கள். கணினித் துறைக்குத் தனியாக ஆள் வைத்துக்கொள்ளும் வசதி இவற்றில் பலவற்றுக்கு இருக்காது. ஆனால் மென்பொருள் இல்லாமல் ஒரு பில்கூடப் போட முடியாத நிலைக்கு இவை வந்து சேர்ந்திருக்கின்றன.

இரண்டு பில்கள்

2025 செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 56-ஆவது கூட்டம் வரி விகிதங்களை மாற்றியமைத்தது. செப்டம்பர் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான விடுதி அறைக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமானது. கூடவே, உள்ளீட்டு வரி வரவை எடுக்க முடியாது என்ற நிபந்தனையும் வந்தது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையில் மூன்று வாரம்கூட இல்லை.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். விருந்தினர் செப்டம்பர் 20 அன்று வருகிறார்; 23 அன்று கிளம்புகிறார். முன்பணம் ஆகஸ்ட்டிலேயே வந்துவிட்டது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, சேவை, பில், பணம் ஆகிய மூன்றில் எந்த இரண்டு விகித மாற்றத்துக்கு முன் நிகழ்ந்தன என்பதை வைத்தே பழைய விகிதமா புதியதா என்று முடிவாகும். தங்கல் இரண்டு பக்கமும் நீளும்போது இரவுவாரியாகப் பிரிப்பதா என்ற கேள்வி எழுகிறது. பில் மென்பொருளில் வரி விகிதத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தால் என்ன செய்வது? ஹெல்ப்லைனில் கேட்டால் “அது வரி விஷயம், உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்” என்பதும், ஆடிட்டரைக் கேட்டால் “சாஃப்ட்வேர்காரனைக் கேளுங்கள்” என்பதும் எளிதாக எதிர்பார்க்கக்கூடிய பதில்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதே சிக்கல்.

பஜார் ரோட்டுக் கதை வேறு வகை. மின் விலைப்பட்டியல் எனப்படும் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமானது. பின் 100, 50, 20, 10 எனக் கோடிக்கணக்கு இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் என்றானது. மிளகு கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 83 டன் விற்றாலே 5 கோடி. மொத்த வியாபாரத்தில் அது பெரிய கடை என்று சொல்லக்கூடிய அளவல்ல. எல்லை இறங்கிய ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கூட்டம் பழைய பில் மென்பொருளை அப்கிரேட் செய்தாக வேண்டியிருந்தது. யாரும் புது வசதி கேட்டு அதை வாங்கவில்லை. தேதி வந்தது, வாங்கினார்கள்.

முதல் விடை: ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது?

காலத்தால் முந்திய விடைகளில் இதுவும் ஒன்று. 1969 ஜூனில் ஐ.பி.எம். நிறுவனம் தன் கணினியோடு சேர்த்தே கொடுத்துவந்த மென்பொருளையும் பல சேவைகளையும் தனித்தனி விலைக்குப் பிரித்து விற்கப்போவதாக அறிவித்தது. அதுவரை இயந்திரம் வாங்கியவருக்கு உதவியும் கூடவே வந்தது; அதன்பின் உதவி தனிச் சரக்காயிற்று. இன்று நம்மூர் டீலர் கேட்கும் ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், ஆண்டுச் சந்தா, “இந்த வெர்ஷனுக்கு இனி சப்போர்ட் இல்லை” என்ற அறிவிப்பு எல்லாம் அந்தப் பிரிவினையின் வாரிசுகள் எனலாம்.

இந்தியச் சட்டத்தில் இதன் நிழல் இரட்டையாக விழுகிறது. 2004-இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் - ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில், கடையில் விற்கும் ஆயத்த மென்பொருள் விற்பனை வரிக்குப் பொருள்தான் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2021-இல் என்ஜினீயரிங் அனாலிசிஸ் வழக்கில், பயனருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமமே, பதிப்புரிமை அல்ல என்ற வேறுபாட்டை வருமான வரி நோக்கில் தெளிவாக்கியது. இரண்டும் வரி வழக்குகள். ஆதரவுச் சேவையைப் பற்றியவை அல்ல. ஆனாலும் வாங்கியவர் நிலை இவற்றில் தெரிகிறது: காசு கொடுத்தது பொருளுக்கு, கையில் இருப்பது உரிமம்.

ஒப்பந்த வாதத்தின் பலம் தெளிவு. எதற்குப் பணம் கொடுத்தோமோ அது கிடைக்கும். பலவீனம், அந்த ஒப்பந்தத்தைப் பேரம் பேசி எழுதியவர் யாரும் இல்லை என்பது. “ஒப்புக்கொள்கிறேன்” என்ற கட்டத்தை அழுத்தாமல் நிறுவலே முடியாது. அப்கிரேடு கட்டாயமாகும்போது சம்மதம் இன்னும் மெலிந்துபோகிறது.

இரண்டாம் விடை: வரிசையைச் சீராக்கு

அழைப்பு எடுபடவில்லை என்றால் ஆள் போதவில்லை என்று பொருள். இது பொறியாளரின் விடை. இதன் தந்தை கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த ஏ. கே. எர்லாங். 1909-லும் 1917-லும் அவர் வெளியிட்ட கட்டுரைகள், எத்தனை அழைப்புக்கு எத்தனை இணைப்பு வேண்டும் என்று கணக்கிட வழி வகுத்தன. கால் சென்டர்கள் பணியாளர் எண்ணிக்கையை நிர்ணயிப்பதில் அவருடைய சூத்திரங்களின் வழிவந்தவை இன்றும் பயன்படுகின்றன.

எர்லாங் கணக்குக்கு அடிப்படையான ஓர் அனுமானம், அழைப்புகள் ஒன்றோடொன்று தொடர்பின்றி வருகின்றன என்பது. உங்கள் பிரிண்டர் பழுதாவதற்கும் என் பிரிண்டர் பழுதாவதற்கும் தொடர்பில்லை. எனவே அது சாதாரண நாளுக்குப் பொருந்தும். அப்டேட் நாளில் எல்லோருக்கும் ஒரே காரணத்தால், ஒரே காலையில் பழுது வருகிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஓர் அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். பிழையான கோப்பு ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் முடங்கிய கணினிகளில் பெரும் பகுதியை ஒவ்வொன்றாக ஆள் தொட்டுத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அத்தகைய நாளுக்கு ஏற்ப ஆண்டு முழுவதும் ஆள் வைத்திருக்க எந்த நிறுவனமும் முன்வராது.

இந்த விடையின் இன்னொரு குறை, அது எதை அளக்கிறது என்பதில் இருக்கிறது. எத்தனை நொடியில் எடுத்தார்கள், எத்தனை டிக்கெட் மூடினார்கள் என்பவை எளிதில் அளக்கக்கூடியவை. பயனரின் பில் அன்று போடப்பட்டதா என்பது அந்தப் பலகையில் வராது. இப்போது மனிதருக்குப் பதிலாக சாட்பாட் வந்திருக்கிறது. காத்திருப்பு குறைந்திருக்கிறது, பொறுப்பு குறையவில்லை. ஏர் கனடாவின் சாட்பாட் தவறான தகவல் தந்ததற்கு நிறுவனமே பொறுப்பு என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

மூன்றாம் விடை: பிடிக்கவில்லையா, விலகு

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூலில், தரம் குறையும்போது வாடிக்கையாளருக்கு இரண்டு வழிகள் உண்டென்றார்: விலகிப் போவது, குரல் எழுப்புவது. விசுவாசம் இரண்டுக்கும் இடையில் நின்று சமன் செய்யும். நைஜீரிய ரயில்வேயைக் கவனித்ததில் அவருக்கு இந்த எண்ணம் உருவாயிற்று. லாரிப் போட்டி இருந்தும் ரயில்வே ஏன் திருந்தவில்லை? தட்டிக் கேட்கக்கூடியவர்களே முதலில் லாரிக்கு மாறிவிட்டார்கள். கேட்க ஆளில்லாமல் ரயில்வே அப்படியே இருந்துவிட்டது.

சந்தை வேலை செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்தை 2010-இல் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் அதற்கான தூண்டுதல்களைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து வந்த அவருடைய டி.வி. உடைந்துபோக, இழப்பீட்டுக்கு அலைந்து, பொதுவெளியில் எழுதிய பிறகே பணம் கிடைத்தது. வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் ஓர் அமெரிக்க நிறுவனம் திடீரென விலையை உயர்த்தி, தன் வாடிக்கையாளர்களின் கோபத்துக்கு ஆளானது இன்னொன்று. அந்த அதிருப்தியில் பிறந்த நிறுவனம் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய கருவிகளை வாங்குவது நிறுவனங்கள். ஹெல்ப்லைன் வரிசையில் நிற்பவர் அக்கருவிகளின் வாடிக்கையாளர் அல்ல. புகார்களை ஒழுங்காக அடுக்க முடிவதும், அவற்றைத் தீர்க்க ஒருவருக்கு அதிகாரம் தருவதும் வெவ்வேறு காரியங்கள்.

கணக்கு மென்பொருளில் விலகல் எளிதும் அல்ல. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். பழைய கணக்கு பழைய மென்பொருளின் வடிவத்தில் கிடக்கிறது. கடைக்கு வரும் அக்கவுண்டன்டுக்குப் பழகியதும் அதுதான். எனவே புதிய மென்பொருளுக்கு மாறியவரும் பழையதை ஆறு ஆண்டுக்கு மேல் காப்பாற்றியாக வேண்டும். இந்தப் பூட்டு இருக்கும்வரை, “பிடிக்கவில்லையென்றால் மாறிக்கொள்ளலாம்” என்பது பாதி உண்மைதான்.

நான்காம் விடை: சட்டம் பார்த்துக்கொள்ளும்

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய 1986 சட்டத்தைவிடப் பல வகையில் முன்னேற்றம். புகார்தாரர் தான் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் போர்ட் கொச்சிக்காரர் எர்ணாகுளம் மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. 2020-இன் மின்வணிக விதிகள், குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன.

சிக்கல் வாசலிலேயே தொடங்குகிறது: வியாபாரி நுகர்வோரா? வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவர் நுகர்வோரே. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை ஒவ்வொரு வழக்கின் உண்மைகளையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்றது. 2025 நவம்பரில் பாலி மெடிக்யூர் வழக்கு மென்பொருளையே நேரடியாகத் தொட்டது. ஏற்றுமதி, இறக்குமதி ஆவணங்களைக் கையாள ஒரு நிறுவனம் வாங்கிய மென்பொருள் லாபமீட்டும் வணிகத்தோடு பிணைந்தது, ஆகவே அந்நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று தீர்ப்பாயிற்று. மட்டாஞ்சேரியின் மசாலா ஏற்றுமதி நிறுவனங்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். குடும்பமே நடத்தும் ஹோம்ஸ்டே சுயதொழில் வாசல் வழியாக நுழைய இடமிருக்கலாம். கம்பெனியாக நடக்கும் ஏற்றுமதி நிறுவனத்துக்கு அந்த வாசல் ஏறக்குறைய மூடியாயிற்று. மிச்சமிருப்பது உரிமையியல் நீதிமன்றம், அல்லது ஒப்பந்தத்தில் இருந்தால் நடுவர் தீர்ப்பு.

காலமும் ஒத்துவரவில்லை. ஆணையம் சாதாரண புகாரை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். மாதாந்தர ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கலுக்குப் பெரும்பாலும் அடுத்த மாதம் 20-ஆம் தேதி கெடு.

அரசே மென்பொருள் தருபவராகும்போது

2021 ஜூன் 7 அன்று வருமான வரித் துறையின் புதிய தாக்கல் தளம் திறந்தது. கோளாறுகள் தொடர்ந்ததால் ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர், தளத்தை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை நேரில் அழைத்து, செப்டம்பர் 15-க்குள் சரிசெய்யச் சொன்னார். தனிநபர் ரிட்டர்ன் கெடு செப்டம்பர் 30-லிருந்து டிசம்பர் 31-க்குத் தள்ளிப்போனது. இங்கே உண்மையில் உதவியது ஹெல்ப்டெஸ்க் அல்ல, கெடு நீட்டிப்பு.

ஜி.எஸ்.டி.க்கு மாறியபோது பழைய வரிவரவைக் கொண்டுசெல்ல வேண்டிய ‘டிரான்-1’ படிவத்தின் கதை நீளமானது. 2017 டிசம்பர் 27-இல் கெடு முடிந்தது. தளக் கோளாறால் தாக்கல் செய்ய முடியாதவர்கள் பலர். 2018 ஏப்ரலில் தொழில்நுட்பக் குறைதீர் ஏற்பாடு வந்தது. ஆனால் முயன்று பார்த்ததற்கான சான்றை வியாபாரியே காட்ட வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றங்கள்தோறும் வழக்குகள் குவிந்து, கடைசியில் 2022 ஜூலை 22 அன்று ஃபில்கோ டிரேட் சென்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தளத்தை இரண்டு மாதம் திறந்துவைக்க உத்தரவிட்டது. அது அக்டோபர், நவம்பரில் திறந்தது. ஒரு படிவத்துக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டு.

பிரிட்டன் தபால் துறையின் ‘ஹொரைசன்’ விவகாரம் இன்னும் கசப்பானது. 1999 முதல் நிறுவப்பட்ட அந்த மென்பொருள் காட்டிய போலிப் பற்றாக்குறைகளால் 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சலகர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். ஹெல்ப்லைனில் புகார் செய்த பலருக்கு “உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை” என்ற பதில் கிடைத்ததாகப் பின்னர் சாட்சியம் அளித்தார்கள். 2024-இல் தனிச் சட்டம் இயற்றித்தான் அத்தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்க முடிந்தது. ஆதரவு மையம் கேள்விகளைச் சேர்த்துப் பார்க்காமல் தனித்தனியாக மூடினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் வேண்டியதில்லை.

அரசே தரும் மென்பொருளுக்குக் கொச்சியில் உள்ளூர் உதாரணம், உள்ளாட்சிச் சேவைத் தளமான ‘கே-ஸ்மார்ட்’. 2024 ஜனவரி 1 முதல் கேரளத்தின் 87 நகராட்சிகளும் 6 மாநகராட்சிகளும் இந்தத் தளத்துக்கு மாறின. போர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி இரண்டும் 1967 முதல் கொச்சி மாநகராட்சியில் அடக்கம். மென்பொருளை உருவாக்கியது திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன். விண்ணப்பதாரர் போய் நிற்பது மண்டல அலுவலகக் கவுண்டரில். அங்கிருக்கும் ஊழியர் மென்பொருளைத் திருத்த முடியாது.

ஐந்தாம் விடை: மென்பொருளே நம் கையில் இருக்கட்டும்

இந்த வாதத்துக்குக் கேரளம் முக்கியமான களம். 2001-இல் தொடங்கிய ஐ.டி.@ஸ்கூல் திட்டமும், 2017 முதல் அதைத் தொடரும் ‘கைட்’ நிறுவனமும் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்தன. இயங்குதளத்தைத் தாங்களே தொகுத்து, மலையாளத்தில் அமைத்து, எப்போது மாற்றுவது என்று தாங்களே முடிவெடுத்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்களே முதல் ஆதரவு மையம் ஆனார்கள். அப்டேட் தேதி பயனர் தரப்பிலேயே நிர்ணயிக்கப்பட்டது என்பதுதான் இதன் சிறப்பு.

தமிழ்நாட்டில் 2007 வாக்கில் அரசின் எல்காட் நிறுவனம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் பொறுப்பில் இருந்தபோது சூசி லினக்ஸுக்கு மாறியது. 2011-இன் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் சேர்ந்து வந்தது. கேரளத்தில் நிலைத்ததும் தமிழ்நாட்டில் நிலைக்காததும் நிரலின் தரத்தால் மட்டும் என்று சொல்ல முடியாது. பின்னால் நின்ற நிறுவனமும் பயிற்சி பெற்ற ஆட்களும் காரணம் என்றே தோன்றுகிறது. பில் மென்பொருளுக்கு இந்த விடை எவ்வளவு பொருந்தும் என்பது ஐயமே. சட்டம் அடிக்கடி மாறும் துறையில் நிரல் திறந்திருப்பது மட்டும் போதாது. மாற்றத்தை உரிய தேதிக்குள் எழுதித்தர யாராவது சம்பளம் வாங்கியாக வேண்டும்.

ஏட்டில் இல்லாத விடை: இடையில் நிற்பவர்

கோட்பாடுகள் குறைவாகவே கண்டுகொள்ளும் ஒருவர் நடைமுறையில் பெரும்பாலான சிக்கலைத் தீர்க்கிறார். அவர் உள்ளூர் டீலர், பார்ட்-டைம் அக்கவுண்டன்ட், அல்லது அட்சய மையத்துக்காரர். 2002-இல் மலப்புறத்தில் தொடங்கிய அட்சய திட்டம் கேரளம் முழுதும் பரவி, அரசுத் தளங்களுக்கும் மக்களுக்கும் நடுவே ஆளை உட்கார வைத்தது. தமிழ்நாட்டு இ-சேவை மையங்களும் அவ்வகையே. இவர்களுக்கு ஊர்மொழி தெரியும், கடையின் கணக்கு தெரியும், நேரில் போய்க் கேட்கலாம். ஆனால் இந்த ஏற்பாட்டில் செலவு பயனர் தலையில் விழுகிறது. பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் பிறர் கைக்குப் போகின்றன. மென்பொருளில் கை வைக்கும் அதிகாரம் இவர்களுக்கும் இல்லை.

மதிப்பீடு

விடைகளை அருகருகே வைத்தால் ஒன்று புலப்படுகிறது. ஆதரவு என்பதில் எட்டுதல், புரிதல், திருத்தும் அதிகாரம் என மூன்று படிகள் உண்டு. வரிசைக் கணக்கும் சாட்பாட்டும் முதல் படியைச் சரிசெய்கின்றன. உள்ளூர் இடையாள் இரண்டாவதைத் தருகிறார். மூன்றாவதைப் பள்ளி மென்பொருள் போன்ற சில இடங்களில் தவிர யாரும் பயனர் அருகே கொண்டுவரவில்லை. போனை எடுப்பவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் போனை எடுப்பதில்லை.

அப்டேட் சாதாரணப் பழுதிலிருந்து வேறுபடுவதும் இங்கேதான். பழுது தானாக வருகிறது. அப்டேட் ஒருவர் தேதி குறித்து அனுப்புவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு மின்னணு உள்ளடக்க நெறிமுறை இந்த வேறுபாட்டை ஏற்கிறது: வழங்குபவர் செய்யும் மாற்றம் பயனைக் கணிசமாகக் கெடுத்தால், நுகர்வோர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். அதுவும் தனிநபர் நுகர்வோருக்கே, கடைக்காரருக்கு அல்ல. இந்திய நுகர்வோர் சட்டத்தில் இதற்கு இணையான வெளிப்படையான விதி இல்லை.

திறந்தே கிடக்கும் கேள்விகள் மூன்று. சிறு வணிகரை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவருவதா, அவருக்கெனத் தனி ஏற்பாடு செய்வதா? வரி விளக்கத்துக்கும் மென்பொருள் பிழைக்கும் நடுவே விழும் சிக்கலுக்கு யார் பொறுப்பு? அரசுத் தளம் தவறினால் கெடு தானாக நீளுமா, அல்லது ஒவ்வொரு முறையும் நீதிமன்றம் போக வேண்டுமா? இவற்றுக்கு இப்போதைக்குத் தீர்ந்த விடை இல்லை.

ஆனால் ஒரு கொள்கை நியாயமாகவே தெரிகிறது. மாற்றத்தின் தேதியை யார் குறிக்கிறாரோ, அந்தத் தேதியில் பதில் சொல்லும் பொறுப்பும், பழைய பதிப்புக்குத் திரும்ப வழிவிடும் கடமையும் அவருடையதாக வேண்டும். சட்டம் அந்த இடத்துக்கு வரும்போது வரட்டும். அதுவரை வியாபாரிகள் அப்டேட்டுக்கு முன் பேக்கப் எடுப்பதையும், பிழைச் செய்தியைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுப்பதையும், போனில் சொன்னதை மின்னஞ்சலிலும் அனுப்புவதையும் வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. டிரான்-1 வழக்குகளில் முதலில் கேட்கப்பட்டது அத்தகைய சான்றுதான்.